பருத்திச் சந்தையும் அளவுகோலும்

பெங்களூரு நகரில் கோரமங்கலாவை அடுத்துள்ள ஈஜிபுராவில் பருத்தி விளைவதில்லை. பருத்தி ஏலம் நடைபெறும் சந்தையும் அங்கே கிடையாது. ஆயினும் பருத்தி நுழையாத வீடு அப்பகுதியில் ஒன்றுகூட இராது. அங்குள்ள கடையொன்றில் ஒருவர் பருத்திச் சட்டை வாங்குகிறார் என்று கொள்வோம். அச்சட்டை பல அளவைகளைக் கடந்தே அவர் கைக்கு வந்து சேருகிறது. நூலின் பருமன் நூற்பாலையில் 'கவுண்ட்' என்னும் எண்ணால் குறிக்கப்பட்டது. நூலின் வலிமை கருவியால் இழுத்துப் பார்க்கப்பட்டது. ஓர் அங்குலத் துணியில் எத்தனை பாவு, எத்தனை ஊடை என்பது நெசவாலையில் எண்ணப்பட்டது. சாயத்தின் உறுதி துவைத்துச் சோதிக்கப்பட்டது. கழுத்தின் சுற்றளவுகூடச் சிறு துண்டில் அச்சிட்டுத் தைக்கப்பட்டிருக்கிறது.

இத்தனை அளவைகளுக்கும் மூலமான பருத்தி, விவசாயியின் கையிலிருந்து முதன்முதலாக விலைபோகும் இடத்தில் மட்டும், இன்றும் பெரும்பாலும் கண்ணால் கண்டும் கையால் தொட்டுமே மதிப்பிடப்படுகிறது. பொருளை விற்பவருக்கு அதன் தரம் எண்ணளவில் தெரியாது. வாங்குபவரோ பல்லாண்டுப் பழக்கத்தால் அதை ஏறத்தாழ அறிந்தவர். இந்த ஏற்றத்தாழ்வே பருத்திச் சந்தையின் பழைய நோய்.

இந்நோயைத் தீர்க்க வளரும் நாடுகளில் பல முயற்சிகள் நடைபெற்றுள்ளன. சில நாடுகளில் அரசாங்கமே முழுப் பருத்தியையும் வாங்கிற்று. சில நாடுகளில் அரசாங்கம் விலகிக்கொண்டு வியாபாரிகளுக்கு வழிவிட்டது. 'யார் வாங்குவது?' என்னும் கேள்வியே இம்முயற்சிகளில் முன்னின்றது. 'எதை அளந்து வாங்குவது?' என்னும் கேள்வி பின்தங்கிவிட்டது. இந்த இரண்டாம் கேள்விக்கு விடை கிடைக்காத இடங்களில், முதற் கேள்விக்குக் கண்ட விடைகள் நெடுநாள் நிலைக்கவில்லை என்பதை இந்தியாவின் அனுபவமும் ஆப்பிரிக்க நாடுகளின் அனுபவமும் காட்டுகின்றன.

குவியலுக்குள் இருப்பது என்ன?

வெடித்த காயிலிருந்து எடுக்கப்படும் பருத்தியில் இழையும் கொட்டையும் சேர்ந்தே இருக்கின்றன. ஜின்னிங் ஆலையில் கொட்டை நீக்கப்பட்ட பின்னரே அது பஞ்சாகிறது. பொதுவாக எடையில் மூன்றில் ஒரு பங்கு பஞ்சு, எஞ்சியது கொட்டை. இந்தப் பஞ்சு விகிதம் ரகத்துக்கு ரகம் மாறும். ஒரே ரகத்திலும் நிலத்துக்கு நிலம், பறிப்புக்குப் பறிப்பு வேறுபடும்.

இவ்வேறுபாட்டின் விளைவை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். இரு விவசாயிகள் தலைக்குப் பத்துக் குவிண்டால் பருத்தி கொண்டுவருகின்றனர். ஒருவரது பருத்தியில் பஞ்சு 33 சதவீதம். மற்றவரது பருத்தியில் 36 சதவீதம். கணக்கின் எளிமைக்காகப் பஞ்சின் விலை கிலோவுக்கு 150 ரூபாய், கொட்டையின் விலை 35 ரூபாய் என்றும், ஆலையில் சேதாரம் இல்லை என்றும் கொள்வோம். முதல்வரது பருத்தியின் உண்மை மதிப்பு 72,950 ரூபாய். இரண்டாமவரது மதிப்பு 76,400 ரூபாய். வித்தியாசம் 3,450 ரூபாய். இரு குவியல்களும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். சந்தையில் ஒரே விலை கூறப்பட்டால் இத்தொகை இரண்டாமவரைச் சேராது. நல்ல விதையைத் தேடி விதைத்ததற்கு அவர் பெற்ற பலன் ஒன்றுமில்லை.

ஈரப்பதமும் இவ்வாறே. இந்தியப் பருத்திக் கழகம் 8 சதவீத ஈரப்பதத்தை அடிப்படையாகக் கொண்டு, 12 சதவீதம் வரையில் விலையைக் குறைத்துப் பருத்தியை ஏற்கும் முறையைப் பின்பற்றி வந்துள்ளது. 12 சதவீத ஈரமுள்ள 100 கிலோ பருத்தியில் உலர்ந்த பொருள் 88 கிலோ. அதனை 8 சதவீதத்துக்கு உலர்த்தினால் ஏறத்தாழ 95.7 கிலோ எஞ்சும். ஆகவே நியாயமான கழிவு நான்கரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கையால் அழுத்திப் பார்த்து, 'ஈரமாக இருக்கிறது' என்று ஏழு கிலோவைக் கழித்தால், இரண்டரைக் கிலோவுக்கு மேற்பட்ட பருத்தி விலையின்றியே கைமாறுகிறது. சிறிய ஈரமானி ஒன்று இத்தகராறைச் சில நொடிகளில் தீர்த்துவிடும்.

இழையின் குணங்களை அறிவது இன்னும் கடினம். நீளம் மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. நீண்ட இழையிலிருந்தே மெல்லிய நூல் நூற்க முடியும். வலிமையும் சீர்மையும் வேறு இரு குணங்கள். நுண்மையையும் முதிர்ச்சியையும் சேர்த்துக் காட்டும் எண் 'மைக்ரோனேர்' எனப்படும். குறிப்பிட்ட எடையுள்ள பஞ்சை ஒரு சிறு கலத்தில் அடைத்து அதனூடே காற்றைச் செலுத்துவார்கள். இழைகள் நுண்ணியவையாக இருந்தால் அவற்றின் மொத்த மேற்பரப்பு அதிகமாகி, காற்றின் ஓட்டத்தைக் கூடுதலாகத் தடுக்கும். முதிராத இழையும் இவ்வாறே தடுப்பதால், இவ்வெண் மிகக் குறைவாயிருப்பதும் நல்லதன்று. முதிராத இழை சாயத்தை நன்கு பற்றாது. சாயமிட்ட துணியில் வெளிறிய புள்ளிகள் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஈஜிபுராவில் சட்டை வாங்குபவர் அப்புள்ளியைக் கண்டு வேறு சட்டை கேட்பார். அப்புள்ளிக்குக் காரணமான பருத்தியையும், அதற்கு இடந்தராத பருத்தியையும் விளைவித்தவர்கள் ஒரே விலை பெற்றிருக்கக்கூடும்.

துண்டுக்குள் பேசப்பட்ட விலை

இந்தியப் பருத்திச் சந்தைகளின் பழைய நிலை இதனினும் மோசமானது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டைப் போட்டு மூடி, விரல்களைத் தொட்டு விலை பேசும் வழக்கம் யாவரும் அறிந்ததே. நாட்டின் பல பருத்திச் சந்தைகளிலும் தரகரும் வாங்குபவரும் அவ்வாறே துணிக்கடியில் கைகோத்து விலை முடித்தனர். பருத்திக்குரிய விவசாயி அருகில் நின்றும் அவருக்கு ஒன்றும் தெரியாது. தரகு, எடைக்கூலி, மாதிரி, மகமை என்று பல பெயர்களில் கழிவுகள் பிடிக்கப்பட்டன. எடைக்கற்கள் ஊருக்கு ஊர் வேறுபட்டன.

ஏமாற்றம் இருதரப்பிலும் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரையிலான ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடியபோது, கலப்படம் பெருகிற்று. அதனைத் தடுக்க 1863-இல் பம்பாய் மாகாணத்தில் பருத்தி மோசடித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் வாங்குபவரைப் பாதுகாக்க முனைந்தது. விற்பவருக்குப் பாதுகாப்பு பின்னரே வந்தது.

1886-இல் பேரார் பகுதியிலுள்ள காரஞ்சாவில் ஹைதராபாத் ரெசிடென்ஸியின் ஆணைப்படி ஒரு பருத்திச் சந்தை ஒழுங்குமுறைக்குள் கொண்டுவரப்பட்டது. இந்தியாவின் முதல் ஒழுங்குமுறைச் சந்தை என்று இதுவே குறிப்பிடப்படுகிறது. 1897-இல் பேராருக்குத் தனிச் சட்டமும், 1927-இல் பம்பாய்ப் பருத்திச் சந்தைச் சட்டமும் பிறந்தன. வேளாண்மைக்கான ராயல் கமிஷன் 1928-இல் அளித்த அறிக்கையில் இம்முறையை நாடெங்கும் பரப்பப் பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் 1933-இல் வாணிபப் பயிர்கள் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டு, 1936-இல் திருப்பூரில் பருத்திக்காக ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் நிறுவப்பட்டது. கர்நாடகத்தின் இப்போதைய சந்தைகளுக்கு அடிப்படையான சட்டம் 1966-இல் இயற்றப்பட்டதாகும்.

இச்சட்டங்கள் செய்த நன்மை பெரிது. துண்டு விலகிற்று, ஏலம் வெளிப்படையாயிற்று. எடை ஒரே சீராயிற்று. கழிவுகளுக்கு வரையறை வந்தது. தமிழ்நாட்டில் காவிரிப் படுகையின் விற்பனைக்கூடங்களில் நடைபெறும் மறைமுக ஏலமும் ஒரு நல்ல ஏற்பாடே. ஒவ்வொரு வியாபாரியும் தம் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் இடுவதால், அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விலையைக் கட்டுப்படுத்துவது கடினமாகிறது. ஆயினும் சீட்டில் எழுதப்படும் எண் எதனை அடிப்படையாகக் கொண்டது? பிடியளவு பருத்தியை எடுத்து, இழையை விரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்துக் கண்ட மதிப்பே அது. எடை சட்டத்துக்குள் வந்தது; தரம் வியாபாரியின் விரல் நுனியிலேயே தங்கிவிட்டது.

தரத்தை அளக்கும் விஞ்ஞானம் இந்தியாவில் இல்லாததால் நேர்ந்த குறையன்று இது. 1921-இல் அமைக்கப்பட்ட இந்திய மத்தியப் பருத்திக் குழு, 1924-இலேயே பம்பாயின் மாதுங்காவில் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சிச்சாலையை நிறுவிற்று. அதுவே பின்னர் மத்தியப் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. இழையைப் பற்றிய அறிவு ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தது. அது சந்தையின் வாயிலுக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது.

அரசாங்கமே வாங்கியபோது

நியாயமான விலைக்கு வேறொரு வழியும் முயலப்பட்டது. 1970-இல் இந்தியப் பருத்திக் கழகம் நிறுவப்பட்டது. சந்தை விலை, அரசாங்கம் அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கீழே இறங்கும்போது இக்கழகம் பருத்தியைக் கொள்முதல் செய்கிறது. ஆதரவு விலை இழையின் அளவோடு பிணைக்கப்பட்டுள்ளது. 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாயும், நீண்ட இழைப் பருத்திக்கு 8,110 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. முன்னதன் இழை நீளம் 24.5 முதல் 25.5 மில்லிமீட்டர், பின்னதன் நீளம் 29.5 முதல் 30.5 மில்லிமீட்டர். இரண்டுக்கும் உரிய மைக்ரோனேர் எல்லைகளும் வகுக்கப்பட்டுள்ளன. அறிவிப்பில் அளவு உண்டு. சந்தையில் கருவி இருந்தால்தான் அவ்வளவுக்கு முழுப்பொருள் உண்டாகும்.

மகாராஷ்டிரம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1972-73 பருவத்திலிருந்து அம்மாநிலத்தில் விளையும் பருத்தி முழுவதையும் அரசாங்கமே வாங்கும் ஏகபோகத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இடைத்தரகரை நீக்கி, விவசாயிக்கு உறுதியான விலை அளிப்பதே நோக்கம். ஆனால் மாநில எல்லை பருத்தியைத் தடுக்கும் சுவரன்று. அண்டை மாநிலங்களில் விலை உயர்ந்த ஆண்டுகளில் மகாராஷ்டிரப் பருத்தி எல்லை தாண்டிப் போயிற்று. விலை தாழ்ந்த ஆண்டுகளில் வெளிப்பருத்தி உள்ளே வந்து குவிந்தது. நீர் தன் மட்டத்தைத் தேடுவதுபோல் பருத்தியும் விலையைத் தேடிற்று. பணம் தவணைகளாகக் கிடைத்ததால் கையிருப்பில்லாத சிறு விவசாயி காத்திருக்க முடியாமல் தவித்தார். திட்டத்தின் நஷ்டம் பெருகி, 2002-இல் தனியார் வியாபாரிகளும் வாங்குவதற்கு அனுமதிக்கப்பட்டனர். வாங்குபவர் ஒருவரே என்ற நிலையில், நல்ல பருத்திக்குக் கூடுதல் விலை கேட்க விவசாயிக்கு வேறு வாயில் இல்லை.

ஆப்பிரிக்காவின் பாடங்கள்

இதே காலத்தில் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் பருத்தி அரசாங்க நிறுவனங்களின் கையில் இருந்தது. அந்நிறுவனங்கள் விதையையும் உரத்தையும் மருந்தையும் கடனாகக் கொடுத்து, அறுவடையின்போது கடனைக் கழித்துக்கொண்டு பருத்தியை வாங்கின. விலை குறைவாயினும் இடுபொருள் தவறாது கிடைத்தது. 1990-களில் இம்முறையை மாற்றிச் சந்தையைத் திறந்துவிடும் முயற்சி தொடங்கிற்று.

ஜாம்பியாவில் அரசாங்கப் பஞ்சு நிறுவனம் 1994-இல் தனியாருக்கு விற்கப்பட்டது. புதிய நிறுவனங்கள் பல வாங்க முன்வந்தன. ஒரு நிறுவனத்திடம் கடனுக்கு விதை பெற்ற விவசாயி, அறுவடையின்போது சற்றுக் கூடுதலாகக் கொடுத்த வேறொருவருக்கு விற்றார். கடன் திரும்பாத நிறுவனங்கள் கடன் கொடுப்பதைச் சுருக்கின; 1990-களின் இறுதியில் விளைச்சலும் சரிந்தது. பின்னர் உள்ளூர் விவசாயிகளையே இடுபொருள் விநியோகிப்பவர்களாக நியமித்து, கடன் வசூலாகும் அளவுக்கு ஏற்ப அவர்களுக்குக் கமிஷன் அளிக்கும் ஏற்பாட்டால் நிலைமை சீர்பெற்றது.

தான்சானியாவின் அனுபவம் தரத்தைப் பற்றியது. கையால் பறித்து, உருளை இயந்திரத்தில் கொட்டை நீக்கப்பட்ட அந்நாட்டுப் பஞ்சுக்கு உலகச் சந்தையில் நற்பெயர் இருந்தது. 1994-க்குப் பிறகு வாங்குபவர்கள் பெருகினர். ஒவ்வொருவரும் தம் ஆலைக்குப் போதிய பருத்தியை முந்திப் பிடிக்கவே விரைந்ததால், கிராமத்தில் நல்லதையும் மட்டத்தையும் பிரித்து வாங்கும் பழைய ஒழுக்கம் தளர்ந்தது. கழிவு கலந்த பருத்தியும் அதே விலைக்குப் போயிற்று. தனித்தனியாக நோக்கினால் ஒவ்வொருவர் செயலும் இலாபகரமானதே. சேர்த்து நோக்கினால் நாடு தன் பஞ்சின் நற்பெயரை இழந்தது. போட்டி விலையை உயர்த்தும். தரத்தைக் காக்கும் வேலையைப் போட்டி தானாகச் செய்துவிடாது.

அரசாங்க நிறுவனங்கள் நீடித்த மேற்கு ஆப்பிரிக்காவிலும் தொல்லைகள் இல்லாமலில்லை. மாலி நாட்டில் குறைந்த விலையும் கடன் சுமையும் பொறுக்க மாட்டாத விவசாயிகள் 2000-ஆம் ஆண்டில் பருத்தி பயிரிட மறுத்தனர். அப்பருவத்தின் உற்பத்தி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. புர்கினா பாசோவில் 2008-இல் பூச்சி எதிர்ப்புத் திறனுள்ள மரபணு மாற்றப் பருத்தி பெருமளவில் பயிரிடத் தொடங்கப்பட்டது. மகசூலில் குறை இல்லை. ஆனால் இழை முன்பைவிடக் குட்டையாயிற்று. நீண்ட இழைக்குப் பெயர்பெற்ற பஞ்சுக்கு வெளிநாட்டில் விலை குறைந்ததால், 2016-க்குள் அந்நாட்டு நிறுவனங்கள் அப்பருத்தியைக் கைவிட்டன. சில மில்லிமீட்டர்கள் ஒரு நாட்டின் பயிர்க்கொள்கையையே மாற்றியதற்கு இது சான்று.

வெளியிலிருந்து வரும் அழுத்தம்

உள்நாட்டுச் சந்தை எவ்வளவு சீராக இருப்பினும், உலக விலையின் தாக்கத்திலிருந்து விவசாயி முற்றிலும் தப்ப இயலாது. செல்வ நாடுகள் தம் பருத்தி விவசாயிகளுக்கு அளிக்கும் மானியம் உற்பத்தியைப் பெருக்கி உலக விலையைத் தாழ்த்துகிறது என்பது வளரும் நாடுகளின் முறையீடு. அமெரிக்க மானியங்களை எதிர்த்துப் பிரேசில் 2002-இல் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்குத் தொடுத்தது. 2005-இல் மேல்முறையீட்டிலும் பிரேசிலுக்குச் சாதகமான தீர்ப்பே கிடைத்தது. 2014-இல் அமெரிக்கா 300 மில்லியன் டாலர் அளிக்க இசைந்து வழக்கு முடிவுற்றது. 2003-இல் பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி ஆகிய நான்கு நாடுகளும் பருத்திக்குத் தனிக் கவனம் கோரி அதே ஸ்தாபனத்தின் முன் வந்தன.

இந்தியாவிலும் இத்தொடர்பு வெளிப்படையானது. 2025 ஆகஸ்டில் பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரி நிறுத்திவைக்கப்பட்டு, அச்சலுகை அவ்வாண்டு டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஆலைகளுக்கு மூலப்பொருள் மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பது ஒரு தேவை. அறுவடைக் காலத்தில் விவசாயியின் விலை சரியாதிருக்க வேண்டும் என்பது மற்றொரு தேவை. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள இழுபறியை அளவுகோல் தீர்த்துவிடாது. எனினும் வெளிநாட்டுப் பஞ்சு இத்தனை மில்லிமீட்டர், இத்தனை மைக்ரோனேர் என்று அளந்து விற்கப்படும்போது, அளக்கப்படாத உள்நாட்டுப் பருத்தி அதனோடு சம நிலையில் போட்டியிட முடியாது. அமெரிக்காவில் 1991 முதல் பருத்திப் பொதிகள் அரசாங்கத்தின் தர நிர்ணயத்தில் கருவிகளால் அளக்கப்படுகின்றன.

பெங்களூருவின் புதிய முயற்சி

இப்பின்னணியில் கர்நாடகம் 2014-இல் தொடங்கிய முயற்சி கவனத்துக்குரியது. மாநில அரசாங்கமும் ஒரு மின்னணுச் சந்தை நிறுவனமும் கூட்டாகப் பெங்களூருவில் ஒரு கம்பெனியை அமைத்து, மாநிலத்தின் ஒழுங்குமுறைச் சந்தைகளை ஒரே மின்னணு மேடையில் இணைத்தன. 160-க்கும் மேற்பட்ட சந்தைகள் படிப்படியாக இதில் சேர்ந்தன. 2016 ஏப்ரல் 14 அன்று நாடு தழுவிய மின்னணு வேளாண் சந்தையும் தொடங்கப்பட்டது.

முறை எளிது. சந்தையின் வாயிலில் ஒவ்வொரு குவியலும் ஓர் எண்ணுடன் பதிவாகிறது. ஒரே உரிமம் பெற்ற வியாபாரி எந்தச் சந்தைக் குவியலுக்கும் தாம் இருந்த இடத்திலிருந்தே விலை கூறலாம். மிக உயர்ந்த விலை அறிவிக்கப்படுகிறது. அதை ஏற்கவும் மறுக்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு. ஹுப்பள்ளியில் உள்ள பருத்திக்கு ராய்ச்சூரிலிருந்து விலை கூறுவது கொள்கையளவில் சாத்தியமாயிற்று.

இம்மேடையின் பயனை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2020-இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. நெல்லின் விலை சராசரியாக 5.1 சதவீதமும், நிலக்கடலையின் விலை 3.6 சதவீதமும், மக்காச்சோளத்தின் விலை 3.5 சதவீதமும் உயர்ந்ததாக அது கண்டது. இலாப விகிதம் குறுகிய தொழிலில் இவ்வுயர்வு சிறிதன்று. அதே சமயத்தில் இப்பயன் எல்லாப் பொருள்களுக்கும் எல்லாச் சந்தைகளுக்கும் ஒரே அளவில் கிட்டுவதில்லை. ஏலத்தின் நடைமுறை, வாங்குபவர்களின் எண்ணிக்கை, சரக்கை எடுத்துச் செல்லும் வசதி ஆகியவற்றைப் பொறுத்து அது மாறுகிறது.

பருத்திக்கு இவ்விடத்தில் தனித் தொல்லை ஒன்று உண்டு. நூறு மைல் தொலைவில் இருப்பவர், தாம் கண்ணால் காணாத குவியலுக்கு விலை கூறவேண்டும். அதன் பஞ்சு விகிதம், நீளம், ஈரம், கழிவு ஆகியவை திரையில் எண்களாகத் தோன்றினால் அவர் துணிந்து கூறுவார். தோன்றாவிடில், ஏமாறக்கூடும் என்ற அச்சத்தால் விலையைக் குறைத்தே கூறுவார், அல்லது விலகிவிடுவார். அப்போது குவியலை நேரில் தொட்டுப் பார்த்த உள்ளூர் வியாபாரிகளே மிஞ்சுவர். மேடை புதிது, ஏலத்தில் நிற்பவர்கள் பழையவர்களே. கம்பி வழியே விலை பயணம் செய்ய வேண்டுமாயின், அதற்கு முன் தரம் பயணம் செய்தாக வேண்டும். இம்முறையை வகுத்தவர்களும் விற்பனைக்கு முன்னர் தரப் பரிசோதனை வேண்டுமென்றே திட்டமிட்டனர். அதனைச் சந்தைதோறும் முழுமையாக நிறைவேற்றுவதே கடினமான பகுதி.

ஆராய்ச்சியாளர் உழைப்பும் சந்தையின் விலையும்

தரத்துக்கு விலை கிடைக்காத சந்தை, விவசாயியோடு ஆராய்ச்சியையும் பாதிக்கிறது. கர்நாடகத்தின் தார்வாட் பருத்தி ஆராய்ச்சிக்குப் புகழ்பெற்ற இடம். அங்கே பி. எச். கட்டர்கி உருவாக்கி 1972-இல் வெளியான 'வரலட்சுமி', இரு வேறு பருத்தி இனங்களைக் கலந்து வணிக அளவில் பயிரிடப்பட்ட வீரிய ஒட்டு ரகங்களில் முதலாவது. 1981-இல் டி.சி.எச். 32 என்னும் மிக நீண்ட இழை ரகம் அங்கிருந்தே வந்தது. கோயம்புத்தூரில் உருவான 'சுவின்' ரகமும் இவ்வரிசையைச் சேர்ந்தது. இத்தகைய ரகங்கள் வயலில் நீண்ட காலம் நிற்பவை. கூடுதல் கவனம் கேட்பவை. அவற்றின் நீண்ட இழைக்கு நிச்சயமான கூடுதல் விலை இருந்தாலன்றி, விவசாயி எடை அதிகம் தரும் வேறு ரகத்தை நாடுவதில் வியப்பில்லை. இன்றும் மிக நீண்ட இழைப் பஞ்சை எகிப்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இந்திய ஆலைகள் வரவழைக்கின்றன.

தூய்மைக்கும் இது பொருந்தும். பிளாஸ்டிக் சாக்கின் நாரும் தலைமயிரும் பஞ்சில் கலந்தால், சாயமிட்ட பின்னரே துணியில் குறையாகத் தெரியும். துணிப்பையில் பருத்தியைப் பறித்து, காலைப் பனி உலர்ந்த பின் எடுத்து, உதிர்ந்த இலையையும் கொட்டுப் பருத்தியையும் பிரித்து வைப்பதற்குக் கூடுதல் கூலி ஆகும். அக்கூலி விலையில் திரும்பி வராவிட்டால் எந்த உபதேசமும் பயன்தராது. 2000-இல் தொடங்கப்பட்ட பருத்தித் தொழில்நுட்ப இயக்கம் சந்தை முற்றங்களையும் ஜின்னிங் ஆலைகளையும் நவீனமாக்க உதவிற்று. கல் பாவிய தளமும் கூரையும் மண் கலப்பதைக் குறைத்தன. எஞ்சிய பணி, தூய்மையை எண்ணாக்கி விலையோடு சேர்ப்பது.

செய்யத்தக்கவை

இதற்கு ஒவ்வொரு சந்தையிலும் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மூன்று சிறு கருவிகளே தொடக்கத்துக்குப் போதும். ஈரமானி ஒன்று, சில கிலோ பருத்தியிலிருந்து கொட்டை நீக்கிப் பஞ்சு விகிதத்தைக் காட்டும் சிறு மாதிரி ஜின்னிங் இயந்திரம் ஒன்று, கழிவைப் பிரித்து எடைபோடும் சாதனம் ஒன்று. நீளம், வலிமை, மைக்ரோனேர் ஆகியவற்றை அளக்கும் விலையுயர்ந்த கருவியைப் பல சந்தைகளுக்குப் பொதுவாக ஒரு மையத்தில் வைக்கலாம். மாதிரி எடுப்பதும் நேர்மையாக அமையவேண்டும். குவியலின் மேற்புறத்தில் மட்டுமின்றி, நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் கலந்த மாதிரியே குவியலுக்குப் பிரதிநிதியாகும்.

இரண்டாவது தேவை, அளப்பவர் வாங்குபவரைச் சாராதவராக இருத்தல். ஜின்னிங் ஆலையே அளந்து ஆலையே விலை கூறுமாயின், பழைய துண்டு வேறுருவில் திரும்பி வந்ததாகும். மூன்றாவது, கடன். வியாபாரியிடம் விதைப்புக்கு முன் பணம் பெற்ற விவசாயி, திரையில் எவ்வளவு உயர்ந்த விலை தோன்றினும் அவருக்கே பருத்தியைக் கொடுக்கும் நிலையில் இருப்பார். ஜாம்பியாவில் கடன் சந்தையைக் குலைத்தது. இந்தியாவில் கடன் சந்தையைப் பூட்டுகிறது. கூட்டுறவுச் சங்கத்தின் கடனும், கிடங்கில் வைத்த பருத்தியின் பேரில் முன்பணமும் காலத்தில் கிடைக்கும் அளவுக்கே ஏலத்தில் மறுக்கும் உரிமை மெய்யான உரிமையாகும்.

சீர்திருத்தச் சட்டங்கள் வந்தும் போயும் உள்ளன. சந்தை முற்றத்துக்கு வெளியே வியாபாரத்தை அனுமதித்து 2020-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், நாடு தழுவிய விவாதத்துக்கும் போராட்டத்துக்கும் பின்னர் 2021-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. முற்றத்துக்கு உள்ளேயோ வெளியேயோ, அரசாங்கம் வாங்கினும் வியாபாரி வாங்கினும், விவசாயி தன் பருத்தியின் தரத்தைக் காட்டும் சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருப்பாராயின், அவர் பேரம் பேசும் நிலை உயர்கிறது. அச்சீட்டு ஆண்டுதோறும் சேர்ந்தால், எந்த விதை எந்த நிலத்தில் எத்தகைய இழையைத் தந்தது என்னும் அறிவும் சேரும். அது விவசாயிக்கும் ஆராய்ச்சியாளருக்கும் ஒருங்கே பயன்படும்.

ஈஜிபுராவின் கடையில் சட்டை வாங்குபவர் அதன் கழுத்தளவைப் பார்த்தே வாங்குகிறார். அளவு குறிக்காத சட்டையை அவர் ஏற்கமாட்டார். ராய்ச்சூரிலோ பாபநாசத்திலோ வண்டியில் பருத்தியை ஏற்றிவரும் விவசாயிக்கும் அதே உரிமை வேண்டும். தம் குவியலில் பஞ்சு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, இழை எத்தனை மில்லிமீட்டர் என்பதை, விலை கூறப்படுவதற்கு முன் அவர் அறிந்திருக்க வேண்டும்.